புதுப்பிப்பு: மட்டக்களப்பு கல்லடி வீட்டுக்குக் கடைசியில் எந்தப் பியானோ?

மகளுக்குக் கிராண்ட் பியானோ வாங்க யமஹா சி3எக்ஸா, கவாய் ஜிஎக்ஸ்-2ஆ, இல்லை இன்னும் கடன்பட்டு ஸ்டெயின்வே மொடல் ஓவா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, கவாய்தான் எடுத்தோம். ஸ்டெயின்வே விலையைக் கேட்டதும் மனுசி அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டா.

யமஹாவின் மேல் சுரங்கள் பளிச்சென்று இருந்தன, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஹோல் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும், அங்கே அது காதைக் குத்தும் என்று மகளே சொன்னாள். அப்புறம், கவாயில் கம்பியைத் தட்டும் சுத்தியலை இயக்கும் பாகங்கள் பல மரமில்லை, கார்பன் கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக். இவ்வளவு காசுக்குப் பிளாஸ்டிக்கா என்று முதலில் முகம் சுளித்தேன்தான், ஆனால் மாரி வந்தால் குசினிக் கதவே ஊதிப்போய்ச் சாத்த முடியாத ஊரில் ஈரத்துக்கு ஊதாத பாகம் என்பது சின்ன விசயமில்லை. கம்பியின் சத்தத்தைப் பெருக்கும் ஒலிப்பலகை எப்படியும் மரம்தான், அதனால் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வாங்கியாயிற்று.

கடல் பக்க யன்னலோரம் வைக்க வேண்டாம் என்று எழுதிய அண்ணாவுக்கு நன்றி. உப்புக்காற்றில் பழைய பியானோவின் கம்பியைத் தடவினால் விரலில் செந்துரு ஒட்டும். புதியது உட்சுவரோடு நிற்கிறது, நீளம் 180 சென்ரிமீற்றர், சாப்பாட்டு மேசைதான் விறாந்தைக்குப் போய்விட்டது. சுருதி கூட்ட இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார்கள், மகளுக்குத்தான் பொறுமையில்லை.