பக்கத்து மாடியில் டவர், மாமனாரின் தலைமாட்டில் போன்

கேள்வி: முதுநகர் வாசகி, கடலூர்
பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் எழும்புகிறது. புற்றுநோய் வரும் என்று தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் எழுபதைத் தாண்டிய மாமனாரும் இருக்கிறார்கள். அவருடைய போனின் பின்மூடி வேறு சில நாட்களாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜில் போட்டுத் தலையணை ஓரத்தில்தான் வைத்துக்கொள்கிறார். இதுவும் கதிர்வீச்சின் வேலையா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: செல்போன் பழுதுபார்ப்பவர், திருப்பாதிரிப்புலியூர்
சகோதரி, டவரைப் பிறகு பார்க்கலாம். இன்றிரவே அந்தப் போனைத் தலைமாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்! இது கதிர்வீச்சு இல்லை, பேட்டரி உப்பிவிட்டது. லித்தியம் அயான் பேட்டரி பழசாகியோ சூட்டில் கெட்டோ போனால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது; அதுதான் மூடியைத் தள்ளுகிறது. உள்ளே இரண்டு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தாள் கிழிந்தால் தீப்பிடிக்கும். தலையணையோ சூட்டை வெளியே விடாது.

என் மேசைக்கு வருகிறவர்கள் உப்பிய மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அழுத்தாதீர்கள், ரப்பர் பேண்டு போடாதீர்கள், ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்து, உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். குப்பையில் எறிந்தால் வண்டியில் நசுங்கித் தீப்பற்றும், கடைக்கே கொண்டுவாருங்கள். துறைமுகப் பக்கம் புழங்கும் போன்களில் சார்ஜர் துளை உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். அதிலும் சூடேறும், அதையும் பார்த்துத் தருகிறேன்.

பதில்: இயற்பியல் ஆசிரியை, புதுச்சேரி
அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். 2011-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டவரும் போனும் வீசும் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு, உறுதியான சான்று இல்லை என்பதே அந்தப் பிரிவு. டவர்களுக்கு இந்தியா 2012 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. கையெழுத்துக்கு முன் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் விவரம் பாருங்கள். கட்டணம் செலுத்தினால் வந்து அளந்தும் காட்டுவார்கள்.

காதில் ஒட்டியிருக்கும் போனிலிருந்து உடம்பில் ஏறுவதே பெரும்பாலும் அதிகம். சிக்னல் குறைந்தால் போன் இன்னும் ஓங்கி அலை வீசும். அப்படிப்பட்ட இடத்தில் நீண்ட நேரம் பேசவேண்டியிருந்தால் ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள்.

முதுநகர் வாசகி:
போன் மண்சட்டிக்குப் போய்விட்டது. வெளியூர்ப் பேரன் இரவில் கூப்பிடுவான் என்றுதான் பக்கத்திலேயே வைத்திருந்தாராம் மாமா. என் போனைக் கொடுத்திருக்கிறேன். அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

பழுதுபார்ப்பவர்:
மதியம் வரை உண்டு. பஸ்ஸில் பையில் திணித்துக் கொண்டுவராதீர்கள், சட்டியோடு எடுத்துவாருங்கள்.