நூறு வாட் லைட்டில் பச்சை மிளகாய்: உங்கள் அனுபவம் எப்படி?

ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் வாடகை. உடுப்பு அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டு, மூன்றடிக்கு இரண்டடி இடத்தில் போன வருடம் ஆறு மிளகாய்ச் செடி வைத்தேன். மார்கழியில் டொரோண்டோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான். எங்கள் ஜன்னலுக்கு அதுவும் எட்டாது. நூறு வாட் எல்ஈடி ஒன்று வாங்கி, ஆறுக்கும் படட்டும் என்று மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டேன். செடிகள் நெடுநெடுவென்று போய்ச் சாய்ந்ததுதான் மிச்சம். குளிர்காலம் முழுக்கப் பதினொரு காய்.

பெரிய லைட் வாங்க ஆசைதான். ஆனால் 1500 வாட் ஹீட்டரும் 700 வாட் ரைஸ் குக்கரும் ஒரே 15 ஆம்ப் பிரேக்கரில். இங்கத்தைய 120 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்தாலே 18 ஆம்ப். பிரேக்கர் பெட்டியோ மேல் வீட்டில். இரவு பத்து மணிக்குப் போய், "அண்ணை, கரண்ட் விழுந்திட்டுது" என்று நின்றது இரண்டு தரம். மூன்றாவது தரம் போக முகமில்லை.

இந்த வருடம் லைட் அதேதான். செடி இரண்டு மட்டும். லைட்டை நுனியிலிருந்து ஒன்றேகால் அடிக்கு இறக்கினேன். வெளிச்சம் திரும்பிப் பட, மூன்று பக்கமும் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் அட்டை. செடி ஒரு சாண் வந்ததும் குருத்தைக் கிள்ளிவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனால் பத்து நாளில் பக்கக் கிளைகள் வெடித்து, குடை மாதிரி மட்டமாகப் படர்ந்தது. இப்போது எல்லா நுனிக்கும் ஒரே வெளிச்சம். டைமரை இரவு ஒன்பதிலிருந்து காலை பதினொன்று வரை வைத்தேன். சமையல் நேரத்தில் லைட் இல்லை, குளிர் கூடும் நேரத்தில் அதன் சூடு செடிக்கு. ஒரு நாளைக்கு 1.4 யூனிட். தை முடிய நூற்றுச் சொச்சம் காய்.

— எனக்குப் பூவெல்லாம் கொட்டியது, அண்ணா. உள்ளே காற்று இல்லையே, மகரந்தம் எப்படி உதிரும்? இப்போது மத்தியானத்தில் பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஒரு விநாடி வைத்து எடுக்கிறேன். மஞ்சள் தூள் பறப்பது கண்ணுக்கே தெரியும். அம்மா பார்த்துவிட்டு, "செடிக்குமா பல் விளக்கிறாய்?" என்றார்.

— சின்ன ஃபேனும் போடுங்கோ, ஐந்து வாட் போதும். ஒரு எச்சரிக்கை: ஹீட்டர் அறையில் காற்று காய்ந்து போய், இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பேன் (சாறு உறிஞ்சும் நுண்ணுயிர் மாதிரிச் சின்னது) வந்துவிடும். நான் மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையைத் திருப்பினால் மெல்லிய வலை! வாரம் ஒருமுறை செடியை ஷவருக்குக் கீழே சரித்து, அடிப்பக்கத்தைக் கழுவுகிறேன்.

— சரி, கருவேப்பிலைக்கும் இதே லைட் காணுமோ? என்னுடையது ஐப்பசியில் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் உள்ளே இன்னும் பச்சை. எறிய மனமில்லை.

— எறியாதேங்கோ. தண்ணியைக் குறைத்து, சூடான மூலையில் விடுங்கோ. என்னுடையது பங்குனியில்தான் துளிர்த்தது.