பேருந்திலும் கோயிலிலும் ஸ்டிம்மிங்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

உசிலம்பட்டி அம்மா:
ஆரப்பாளையத்தில் பேருந்து புறப்படும்போது அடித்த ஏர் ஹாரனைக் கேட்டதும் ஆட்டிசம் உள்ள என் மகன் இரு கைகளையும் காதருகே கொண்டுபோய் உதறினான். தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, வழக்கமான ஸ்டிம்மிங்தான். பக்கத்திலிருந்த பெரியவர், "என்ன தாயி, காத்து கருப்பு எதுவும் அண்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவன் மணிக்கட்டுகளைப் பற்றி மடியோடு அழுத்திக்கொண்டார். அன்பாகத்தான் பிடித்தார், அதனால்தான் திட்ட வாய் வரவில்லை. "விட்டுருங்கய்யா, அப்படிச் செஞ்சாத்தான் அவனுக்கு நிம்மதி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கைகள் அடங்கிய பிள்ளை சன்னல் கம்பியில் நெற்றியை இடிக்கத் தொடங்கியிருந்தான். கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்தபடியே செக்கானூரணி வரை வந்தேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
என் வகுப்பிலும் பெஞ்சில் ஆடிக்கொண்டே பாடம் கேட்ட பையன் ஒருவன் இருந்தான், நன்றாகவே படித்தான். ஆனால் அந்தப் பெரியவரைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு என்பதால், அடையாள அட்டை வாங்கிப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள், ஓட்டுநருக்குப் பின்னால் உட்காராதீர்கள், கைக்கு ஒரு ரப்பர் பந்தும் காதுக்கு ஒலிதடுப்பானும் கொடுங்கள். பள்ளியிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்காரவைப்பதையே ஒழுக்கம் என்று நம்புகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மேலமடைவாசி:
நானே ஆட்டிசம் உள்ளவன். முன்னும் பின்னும் ஆடுவேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறை, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும் ஒலி, ஒளி போன்றவற்றைத் தாளமுடியாமையையும் ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பேசிய ஆட்டிசமுள்ள வயதுவந்தோர் 32 பேர். தங்களை அமைதிப்படுத்தும் இந்த அசைவை நிறுத்தவைக்கும் சிகிச்சையை அவர்கள் எதிர்த்தார்கள். காயப்படுத்தும் செய்கைக்கு மாற்று தேடுவது வேறு விஷயம். பாண்டி கோயிலில் அருள் வந்து ஆடியவருக்கு வழிவிட்டு, கும்பிட்டும் நின்ற ஓர் அம்மா, உறுமிச் சத்தம் தாங்காமல் தூணோரம் நான் ஆடியதைப் பார்த்ததும் தன் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாத்தியார் ஐயா, ஒலிதடுப்பான் யோசனை நல்லதுதான். ஆனால் அட்டையைப் படித்த பிறகுதான் பிள்ளையின் கையை விடுவோம் என்றால், அட்டை இல்லாத நாளில் அவன் என்ன செய்வான்?