"இன்னும் இருபத்தாறு நாள்தானே இருப்பீங்க": லீவில் வரும் அப்பா கண்டிக்கலாமா?

ஜுபைல்_வாசி

சவுதியில் வேலை, ஊர் அறந்தாங்கி பக்கம். நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருக்கிறேன், நேற்றோடு பத்தொன்பது நாள் முடிந்தது. பையன் ஒன்பதாவது, பெண் ஐந்தாவது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பையன் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது தடவை போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் கத்தவில்லை, அழவில்லை. "இன்னும் இருபத்தாறு நாள்தானே இருப்பீங்க, பூட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். டிக்கெட் போட்ட நானே அவ்வளவு சரியாக நாளை எண்ணி வைத்திருக்கவில்லை.

இவர்கள் முன்பு என்னோடு ஜுபைலில்தான் இருந்தார்கள். 2017 ஜூலையில் சவுதி அரசு குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் போட்டது, அது வருடத்துக்கு நூறு நூறாக ஏறி 2020-ல் 400-க்குப் போகும் என்றும் சொல்லிவிட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று தலைக்குக் கணக்குப் போட்டால் மாதம் 1,200 ரியால். 2018-ல் மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். பையன் அப்போது இரண்டாவது. அதற்கப்புறம் நான் போனில் வரும் அப்பா.

மனைவியோ "நீங்க வந்தாலே வீடு தலைகீழாகுது" என்கிறாள். லீவில் வருகிறவன் கண்டிக்க வேண்டுமா, இல்லை சாக்லேட்டைக் கொடுத்துச் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டுமா?

ஓய்வு_கணக்கு_வாத்தியார்

தம்பி, இதில் கேள்வியே இல்லை. முப்பத்துநான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன், வெளிநாட்டு அப்பாக்களின் பையன்களை வகுப்பில் பார்த்தாலே தெரியும், கையில் விலை உயர்ந்த போன், நோட்டில் ஒன்றும் இருக்காது. அம்மாவை எட்டாவதிலேயே ஏய்க்கக் கற்றுக்கொண்டிருப்பான். அடியாத மாடு படியாது என்றால் இப்போது எல்லோரும் என் மேல் பாய்வீர்கள், நான் அடிக்கச் சொல்லவில்லை, அப்பா என்றால் ஒரு பயம் வேண்டும். அடுத்த வருடம் பத்தாவது. இருபத்தாறு நாளாவது ஒழுங்காக இருக்கட்டுமே. சட்டமே அப்பாவைத்தான் முதல் கார்டியன் என்கிறது, நீங்கள் எதற்குக் கூசுகிறீர்கள்?

கீழக்கரை_உம்மா

வாத்தியார் சார், இருபத்தாறு நாள் ஒழுங்காக இருந்து இருபத்தேழாவது நாள் அந்தப் பயல் ஆடுகிற ஆட்டத்தை யார் பார்ப்பது? நீங்களா வந்து பார்ப்பீர்கள்? என் வீட்டுக்காரர் துபாயில், பதினொரு வருடமாக மூன்று பிள்ளைகளோடு இந்த வீட்டை நான்தான் ஓட்டுகிறேன். அவர் வந்து போன பிறகு பிள்ளைகள் பழைய ஒழுங்குக்குத் திரும்ப எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். ஒரு லீவில் எல்லாவற்றையும் இறுக்குவார், அடுத்த லீவில் பாவம் பார்த்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார். இரண்டுமே என் தலையில்தான் விடியும்.

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போன் விஷயத்தில் அந்த வீட்டில் ஏற்கனவே என்ன ஏற்பாடு இருக்கிறது என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டுப் பிடுங்கினீர்களா, கேட்காமல் பிடுங்கினீர்களா?

ஜுபைல்_வாசி

இப்போதுதான் கேட்டேன் அக்கா. பள்ளிக்கூட நாளில் போன் கிடையாதாம். சனிக்கிழமை ராத்திரி மட்டும் பத்து மணி வரை ஆடலாமாம், பத்தடித்தால் அவனே கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவானாம், எட்டு மாதமாக ஒரு தடவைகூட மீறவில்லையாம். நேற்று சனிக்கிழமை.

ஆனால் என்னிடம் யாரும் சொல்லவில்லையே. நான் என் வீட்டுக்குத்தானே வந்திருக்கிறேன்? லாட்ஜில் ரூம் எடுத்தவன் மாதிரி ரிசப்ஷனில் விதிமுறை கேட்டுக்கொண்டா உள்ளே வர முடியும்?

ஓய்வு_கணக்கு_வாத்தியார்

பதினான்கு வயதுப் பையனோடு ஒப்பந்தமா? அடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கேட்பான்.

கீழக்கரை_உம்மா

எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுப்பேன் சார், எட்டு மாதம் மீறாமல் இருந்திருக்கிறானே. உங்கள் பயம் எத்தனை மாதம் தாங்கும்?

குவைத்காரர்_மகன்

நான் மறுபக்கத்து ஆள். வயது 41. அப்பா குவைத்தில் இருந்தார். அப்போது கடிதம்தான், யாராவது ஊருக்கு வந்தால் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து கொடுத்தனுப்புவார். அம்மா அதைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள், நாங்கள் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். "நல்லாப் படிங்கப்பா, அம்மா சொல்றதக் கேளுங்க." எல்லா நாடாவிலும் அதுவேதான்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டியைத் திறந்தால் டாங், கோடாரித் தைலம், சென்ட் வாசனை. ஒரு நாள்கூட எங்களைத் திட்டியதில்லை. ஏழாவதில் பீடி குடித்து மாட்டினேன், அம்மா துடைப்பத்தை எடுத்தாள், லீவில் வந்திருந்த அப்பாவோ "விடு, நான் போற வரைக்கும் புள்ளைகளை அடிக்காதே" என்றார். தெருவே அவரைத் தங்கமான மனுஷன் என்றது.

2012-ல் ஒரேயடியாக வந்துவிட்டார். இப்போது நானும் அவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், எங்களுக்குள் பேச கரண்ட் பில் தவிர ஒன்றும் இல்லை. சண்டை கிடையாது, சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை. அம்மாவோடு வாரத்துக்கு இரண்டு தடவை கத்திக்கொள்வேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். அதனால் ஜுபைல் அண்ணே, சாக்லேட் அப்பாவாக மட்டும் இருந்துவிடாதீர்கள். நாளைத் தப்பாகப் பார்த்துப் பிடுங்கிவிட்டீர்கள், சரி. என் அப்பா ஒரு தடவையாவது எதையாவது பிடுங்கியிருக்கலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

கோவை_செல்வி

விவாகரத்தாகி ஆறு வருடம், ஒரே மகன். கோர்ட் உத்தரவுப்படி இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை அவன் அப்பாவோடு போவான். பீட்சா, ஷூ, மால், ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் எழுதச் சொல்லும் நான் வில்லி. கண்டிக்கிற அப்பாவாக இருந்துகொண்டு இந்த அண்ணன் கவலைப்படுவதைப் பார்த்தால், சிரிப்பதா பொறாமைப்படுவதா என்று தெரியவில்லை.

வாத்தியார் ஐயா சட்டம் பேசினார். 1956-ஆம் வருட இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டத்தில் ஆறாவது பிரிவு தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்றுதான் சொல்கிறது, நிஜம். ஆனால் கீதா ஹரிஹரன் வழக்கு என்று ஒன்று உண்டு. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனவரிடம் அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள், அவர் விடவில்லை. 1999-ல் உச்ச நீதிமன்றம் "பிறகு" என்பதற்கு அப்பா செத்த பிறகு என்று பொருள் இல்லை, அவர் இல்லாத நிலையில் என்றுதான் பொருள் என்று சொல்லிவிட்டது. அந்த இல்லாமை தற்காலிகமாகவும் இருக்கலாம், பிள்ளையைப் பற்றி அக்கறையே காட்டாத அப்பாவும் இல்லாத கணக்குத்தான். என் மகனுக்கு பேங்க் கணக்கு திறக்கப் போனபோது இந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன், மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடினார். எந்த பேங்க் என்று கேட்காதீர்கள்.

ஓய்வு_கணக்கு_வாத்தியார்

தீர்ப்பை ஒப்புக்கொள்கிறேன் அம்மா, எனக்கு அது தெரியாது. ஆனால் அது கையெழுத்துப் போடுகிற உரிமை. பையன் யாருக்கு அடங்குவான் என்பதைக் கோர்ட் சொல்ல முடியாது.

தேனி_டிப்போ

நான் கண்டக்டர். மனைவி தவறி நான்கு வருடம், பெண்ணுக்கு அப்போது பத்து வயது. இங்கே எல்லோரும் அப்பா கண்டிப்பு, அம்மா அன்பு என்று இரண்டு தட்டு வைத்துப் பேசுகிறீர்கள், என் வீட்டில் ஒரே தட்டுதான். ஆரம்பத்தில் இரண்டையும் நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். காலையில் அம்மா மாதிரி கொஞ்சுவது, சாயங்காலம் அப்பா மாதிரி முறைப்பது. ஒரு நாள் என் பெண்ணே கேட்டாள், "அப்பா, இப்ப நீ யாரு?"

அதோடு விட்டேன். பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை கட்டாயம், டிப்போவில் கூட வேலை பார்க்கிறவரின் மனைவியிடம் பின்னக் கற்றுக்கொண்டேன், முதல் மாதம் ஒரு ஜடை காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயுமாகப் போனாள். அவள் பெரிய மனுஷியானபோது என் தங்கச்சி வந்து ஒரு வாரம் இருந்தாள், போகும்போது நாப்கின் வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். வெட்கம் இரண்டு மாதம் இருந்தது, அப்புறம் பால் பாக்கெட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நைட் டியூட்டி என்றால் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து படுத்துக்கொள்வார். பாட்டி இருக்கும் ராத்திரி பாட்டி வைத்ததுதான் சட்டம், டிவியைப் போடாதே என்றால் போடக்கூடாது. மறுநாள் வந்து நான் அதை மாற்ற மாட்டேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும். ஒரு தடவை மாற்றினேன், அடுத்த வாரம் பாட்டி வரவில்லை. ஜுபைல் தம்பிக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

கீழக்கரை_உம்மா

டிப்போ அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவன் சின்னவனாக இருந்தபோது எதற்கெடுத்தாலும் "வாப்பா வரட்டும், சொல்றேன்" என்பேன். சோறு சாப்பிடாவிட்டால் வாப்பா, ஓதப் போகாவிட்டால் வாப்பா. அந்த வருடம் அவர் பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார், ஐந்து வயதுப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓய்வு_கணக்கு_வாத்தியார்

பார்த்தீர்களா? வருடம் முழுக்க அப்பா பேரைச் சொல்லிப் பூச்சாண்டி காட்டுவது நீங்கள், அவன் வந்து ஒரு வார்த்தை அதட்டினால் கொடுங்கோலன் என்பதும் நீங்களே. அப்பாவைத் தடியாக வைத்துக்கொள்வீர்கள், தடி தானாக அசையக் கூடாது. இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கீழக்கரை_உம்மா

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது சார், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் முதலிலிருந்து சொன்னது இது இல்லை, பயம் வேண்டும் என்று சொன்னீர்கள். அந்தப் பயம்தான் என் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பியது.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம். துபாயில் 2022 ஜனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது, அவர் ஆபீசிலும் மாற்றினார்கள். அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு வாப்பா போனில் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், அங்கே எட்டரை. கணக்கு மார்க் விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை, பாராட்டோ திட்டோ முழுக்க அவர் பொறுப்பு. லீவில் வந்தால் முதல் பத்து நாள் எந்த உத்தரவும் போடக்கூடாது, அது இரண்டாவது. அவருக்கு அது எளிதாக இல்லை, நாலாம் நாளே கை அரிக்கும், கடைத்தெருவுக்கு அனுப்பிவிடுவேன்.

ஜுபைல்_வாசி

எங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை அக்கா, அன்றைக்கு இவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிறு எனக்கு டியூட்டி. மற்ற நாளில் கேம்புக்கு வந்து குளித்துச் சமைத்து முடிக்க ஏழரை ஆகும், இங்கே பத்து. பெண் தூங்கியிருப்பாள், பையன் "ம்", "சரிப்பா" என்பான். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், ஏழு வருடமாக அதைத் தாண்ட முடியவில்லை.

இன்று பையனின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மனைவிதான் "எப்பவும் நான்தான் போறேன், இந்தத் தடவை நீங்க போய் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுங்க" என்றாள். வாட்ச்மேன் எந்த செக்‌ஷன் என்று கேட்டார். கேட்டில் நின்றுகொண்டே வீட்டுக்கு போன் செய்து கேட்டேன். ஒன்பதாவது சி. வகுப்பாசிரியை நல்ல மாதிரி. அவன் கணக்கில் சுமார், ஆனால் கட்டுரை நன்றாக எழுதுகிறானாம். அந்த வீட்டில் யாருக்குக் கட்டுரை வரும் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன், எனக்கு வராது.

பீரோவைத் திறந்து போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். "சனிக்கிழமைன்னு எனக்குத் தெரியாதுடா" என்றேன். "பரவாயில்ல" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

குவைத்காரர்_மகன்

அண்ணே, அந்தக் கட்டுரை நோட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள், எதைப் பற்றி எழுதுகிறான் என்று.

ஓய்வு_கணக்கு_வாத்தியார்

போனைத் திருப்பிக் கொடுத்தது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டதாவது தப்பு, இரண்டில் ஒன்று. சரி, பள்ளிக்கூடம் போனீர்களே, அது நல்லது. கணக்கில் சுமார் என்கிறீர்கள், இந்த வருடமே பிடிக்காவிட்டால் பத்தாவதில் திணறுவான். அதுவரைக்கும் மற்றவர்கள் சொன்னபடியே செய்யுங்கள், ஆனால் அடுத்த வருடம் மார்ச்சில் பொதுத்தேர்வுக்காவது லீவு போட்டுக்கொண்டு வந்து கூட இருங்கள்.

ஜுபைல்_வாசி

மார்ச்சில் பிளான்ட் ஷட்டவுன் சார், ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கிற நேரம். லீவு தர மாட்டார்கள்.