இட்லிப்பூ வேலி மஞ்சளாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி 12 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. மேற்கு வெயில் நன்றாக விழும். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், சாமிக்கும் பூ கிடைக்கும் என்று ஆசைப்பட்டு, இரண்டு வருடத்துக்கு முன் சிவப்பு இட்லிப்பூ 9 செடி வரிசையாக வைத்தேன்.

இப்போது கொழுந்தெல்லாம் வெளிறி மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இது இரும்புச்சத்துக் குறை என்றே நினைக்கிறேன். ஊற்றுவது போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். போதாததற்கு, மதில் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கலவை பாத்திக்குள்ளேயே கிடக்கிறது, கிளறும்போது கட்டி கட்டியாக வருகிறது. இரண்டும் மண்ணைக் காரமாக்கிவிடும், அதில் செடியால் இரும்பை எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்கோ அமில மண்தான் பிடிக்கும்.

அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளித்தேன். இரண்டு வாரம் பச்சை திரும்பியது, அப்புறம் பழைய கதை.

செடிகளைப் பிடுங்க மனசே வரவில்லை. மேல்மண்ணை ஓர் அடி எடுத்துவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் போட்டால் பிழைக்குமா? வேர் தாங்குமா? மாற்றியே ஆக வேண்டுமென்றால் மருதாணி வைக்கலாமா? அரளி வேண்டாம், அது விஷம், வீட்டில் 2 வயதுப் பேத்தி இருக்கிறாள். செம்பருத்தி என்றால் மாவுப்பூச்சி பயம்.

வேலிக்கு முன்னால் மிஞ்சும் ஓரடியில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் வைக்க நினைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் இவற்றை வளர்த்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.