இரட்டித்தலும் பன்மடியாக்கமும்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

கலத்தினுள் டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதற்கும், ஆய்வுகூடத்தில் அதன் ஒரு பகுதியை நாம் படியெடுப்பதற்கும் "பெருக்கம்" என்ற ஒரே சொல் போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், அச்சொல் விளைவிக்கும் குழப்பத்தை விடைத்தாள்களில் காண்கிறேன். சென்ற தவணை ஒரு மாணவி, ஆய்வுகூடப் படியெடுப்பு முறையான பொலிமரேசு சங்கிலித் தாக்கத்துக்கான (PCR) படத்தில், சிறு குழாய்க்குள், கலத்தினுள் நிகழும் படியெடுப்புக்கே உரிய ஹெலிக்கேசு நொதியத்தையும் ஒக்காசாக்கித் துண்டங்களையும் மிக நேர்த்தியாக வரைந்திருந்தாள். அவள் படிக்காதவள் அல்லள். இரண்டுக்கும் ஒரே பெயரைக் கேட்டபடியால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட்டாள்.

ஈ. கோலை பற்றீரியாவின் ஏறத்தாழ 46 இலட்சம் மூலச் சோடிகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), அது நன்கு வளரும் 37 பாகை செல்சியசில், சுமார் 40 நிமிடங்களில் ஒரு தடவை முழுமையாகப் படியெடுக்கப்படுகின்றன. இழைகளை ஹெலிக்கேசு பிரிக்கிறது. கலமே ஆக்கிக்கொள்ளும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு தொடக்கமாக அமைகிறது. புதிய இழைகளில் ஒன்று தொடர்ச்சியாகவும் மற்றையது துண்டுதுண்டாகவும் (இவையே ஒக்காசாக்கித் துண்டங்கள்) வளர, அத்துண்டுகளை இலிகேசு என்ற நொதியம் பொருத்துகிறது. பழைய இழை ஒவ்வொன்றும் ஒரு புதிய இழையுடன் சேர்ந்து நிற்பதை 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் நிறுவினர். ஒன்று இரண்டாகிறது, அவ்வளவே. இதற்கு "இரட்டித்தல்" மிகப் பொருத்தமான சொல்.

1983இல் அமெரிக்க விஞ்ஞானி கரி முல்லிஸ் வகுத்த பொலிமரேசு சங்கிலித் தாக்கத்தில், குழாயின் அடியில் கிடக்கும் 25 மைக்கிரோலீற்றர் துளியில் ஹெலிக்கேசு இல்லை. ஏறத்தாழ 95 பாகை வெப்பமே இழைகளைப் பிரிக்கிறது. நாம் தொகுத்து இட்ட இரு டி.என்.ஏ. துண்டுகள் எந்தப் பகுதி வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. 72 பாகையில், வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து பெற்ற பொலிமரேசு நொதியம் அத்துண்டுகளை வளர்க்கிறது. இச்செயல்கள் அடங்கிய சுற்று 30 தடவை குறையின்றி நிகழுமானால் ஒரு மூலக்கூறு 107 கோடிக்கும் மேலாகிவிடும்.

பெருகுதல் தன்வினை, பெருக்குதல் பிறவினை; ஆனால் "பெருக்கம்" என்ற பெயர்ச்சொல் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. இனப்பெருக்கமும் கணிதப் பெருக்கமும் ஏற்கெனவே அதில் குடியிருக்கின்றன. மின் சைகைகளைப் பெரிதாக்குவதற்கு எமது பௌதிகவியலில் வழங்கும் "விரியலாக்கம்" கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதுதான். எனினும் அங்கு சைகையின் அளவு பெரிதாகிறது. இங்கு மூலக்கூறு பெரிதாவதில்லை, எண்ணிக்கையே கூடுகிறது.

ஆகவே "பன்மடியாக்கம்" என்பதை முன்மொழிகிறேன். "பன்மடி" எண்ணிக்கையைச் சொல்கிறது; "ஆக்கம்" அதைச் செய்பவர் ஒருவர் வெளியே உண்டு என்று காட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்வதும் இரட்டித்தல்தானே என்று கேட்பது நியாயமே. உண்மையில் அந்த ஒரு படியை இரட்டித்தல் என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. தெரிந்தெடுத்த ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் இரட்டிக்கச் செய்யும் முழு முறைக்கே புதிய பெயர் கேட்கிறேன்.

சொல் வினையாகவும் இயங்க வேண்டும் என்பதால், மழைக்காலத்தில் இங்கு எல்லோருக்கும் விளங்கும் ஒரு வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: "டெங்கு வைரசின் ஆர்.என்.ஏ.யை முதலில் டி.என்.ஏ. ஆக மாற்றி, பின்னர் அதன் ஒரு பகுதியைப் பன்மடியாக்கினர்." என் காதுக்கு இடறவில்லை. இடறுவோர் எவ்விடத்தில் என்று குறிப்பிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.