சிம்பொனி கச்சேரிக்கு அப்பாவை அழைத்துப் போக யோசனை தேவை

மும்பை நண்பர்களுக்கு வணக்கம். நரிமன் பாயிண்டில் உள்ள என்.சி.பி.ஏ. (தேசிய நிகழ்த்துகலை மையம்) அரங்கில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா என்ற மேற்கத்திய செவ்விசைக் குழுவின் செப்டம்பர் பருவக் கச்சேரிகளில் ஒன்றுக்கு அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 2006-இல் தொடங்கிய இந்தக் குழு வழக்கமாகப் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வாசிக்கிறது. ஆண்டு முழுவதும் நடப்பதில்லை என்பதால், இந்த முறை தவறவிட்டால் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

அப்பா மாட்டுங்கா சண்முகானந்தா சபாவில் கர்நாடகக் கச்சேரிகள் கேட்டே வளர்ந்தவர். லால்குடி ஜெயராமனின் வயலின் என்றால் உயிர். அதே வயலின்கள் இருபது, முப்பது சேர்ந்து ஒரே வில்வீச்சில் எழும்பும் ஒலியை, ஒலிபெருக்கி இல்லாமல், அவர் நேரில் கேட்க வேண்டும். எனக்கு இது பெரிய ஆசை.

முதன்முறை கேட்பவருக்கு எந்த வகை நிகழ்ச்சி பொருந்தும்? வயலின் கான்செர்ட்டோ (தனி வயலின் கலைஞர் முழுக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) உள்ள நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். பெத்தோவன், துவோர்ஷாக் போன்ற இசையமைப்பாளர்களின் படைப்பு இருந்தால் முன்கூட்டியே வீட்டில் போட்டுக் காட்டிவிடுவேன். இன்னொரு இசையமைப்பாளரான மாலரின் இசை முதல் நாளுக்குக் கனமாக இருக்குமோ?

அப்பாவுக்கு முழங்கால் வலி. என்.சி.பி.ஏ.-வின் ஜாம்ஷெட் பாபா அரங்கில் படி ஏறாமல் போய் உட்காரக்கூடிய வரிசைகள் எவை? மாடி இருக்கைகளில் ஒலி நன்றாக இருக்கும் என்கிறார்கள்; லிஃப்ட் உண்டா? கச்சேரி முடிந்து சர்ச்கேட் வரை டாக்சி எளிதில் கிடைக்குமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், நல்ல இருக்கைகள் தீர்வதற்குள் டிக்கெட் வாங்க வேண்டும்.